சுண்டெலி சொன்ன சாட்சி

கட்டி நோய்களுள் கொடியதற்குக் கிரேக்கர் இட்ட பெயர் நண்டு என்பதாகும். மார்பகத்தில் எழுந்த கட்டியைச் சுற்றிலும் புடைத்துக் கிளைத்த குருதிக் குழாய்கள், கால்களைப் பரப்பிக்கொண்டு கிடக்கும் நண்டினைப் போலத் தோன்றின என்று உரோமப் பேரரசின் காலத்து மருத்துவர் கேலன் எழுதியுள்ளார். நாம் அந்நோயைப் புற்று என்கிறோம். கரையான் புற்று வெளியே ஒரு மண்மேடு. உள்ளேயோ வளைந்தும் மடங்கியும் செல்லும் எண்ணற்ற வழிகள். கட்டியொன்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர், தமிழ்ப்பெயரும் பொருத்தமுடையதே என ஒப்புவர். ஒழுங்கான உறுப்புகளில் குருதிக் குழாய்கள் மரக்கிளை போல முறையாகப் பிரிந்து செல்லும். கட்டிக்குள்ளோ அவை கோணலாய், சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் முட்டுச் சந்தாய் முடிந்தும், சுவர்கள் கசிந்தும் காணப்படும்.

இக்குழாய்களை அழித்தால் கட்டி பட்டினியால் மாளாதோ என்ற எண்ணம் எளிமையானது. ஆயினும் அவ்வெண்ணத்தை மருந்தாக்க முனைந்த கதை எளிமையானதன்று. வாடிமெசான் என்று பிற்காலத்தில் பெயரிடப்பட்ட ஒரு சிறு வேதிப்பொருள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறிவியல் உலகின் நம்பிக்கையைத் தாங்கி நின்று, 2010ஆம் ஆண்டில் வீழ்ந்தது. அது ஏன் வீழ்ந்தது என்பது வீழ்ந்தபின்தான் தெரியவந்தது. அந்தக் கதையே ஈண்டுக் கூறப்படுகிறது.

உடலின் எந்த உயிரணுவும் குருதிக் குழாயிலிருந்து நெடுந்தொலைவில் வாழ இயலாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கப்பால் உயிர்வளி எட்டாது. எனவே, குழாய்களைத் தன்பால் வரவழைத்துக் கொள்ளாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தி, புதிய குழாய்கள் முளைப்பதைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றார். இலண்டனுக்கு அருகிலுள்ள கிரே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜூலியானா டெனிகாம்ப் அம்மையார் வேறொரு வழியைக் காட்டினார். முளைப்பதைத் தடுப்பது ஒன்று. ஏற்கெனவே முளைத்து நிற்பதை இடிப்பது மற்றொன்று. 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் இரண்டாம் வழியைப் பற்றியவை. கட்டியின் குழாய்ச் சுவரிலுள்ள உயிரணுக்கள் இயல்பான உறுப்புகளில் உள்ளவற்றைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகப் பெருகுவதை அவர் எடுத்துக்காட்டினார். இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு குழாயை மட்டும் தாக்கலாம்; ஒரு குழாய் அடைபட்டால் அதனை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான புற்றணுக்கள் ஒருசேர மடியும் என்பது அவர் வாதம். சுண்டெலியின் கட்டிக்குச் செல்லும் குருதியோட்டத்தைச் சில மணிநேரம் கவ்வியால் இறுக்கி நிறுத்தியே அவர் குழுவினர் இதனை மெய்ப்பித்தனர். ஆற்றுநீரைப் பாத்தி பாத்தியாய்த் தடுப்பதினும் மதகை அடைப்பது எளிதன்றோ?

ஆனால் இதற்கு நெடுங்காலம் முன்னரே, தாம் செய்வது இன்னதென்று அறியாமலே மதகை அடைத்தவர்கள் இருந்தனர். நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்னும் இளம் அறுவை மருத்துவர் தம்மிடம் வந்த ஒரு பெண்ணை எலும்புக் கட்டிநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தில் மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, கழுத்துக் கட்டியுடன் சாகக் கிடந்த ஒருவர், தோலைச் சிவக்கச் செய்து கடுங்காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் நோய் கண்டதும் கட்டி கரைந்து பிழைத்த செய்தியைக் கண்டார். அம்மனிதரை நகரெங்கும் தேடி உயிருடன் கண்டுபிடித்த கோலி, 1891ஆம் ஆண்டில் நோயாளிகளுக்கு நுண்ணுயிரையே ஊசி வழியாகச் செலுத்தத் தொடங்கினார். பின்னர், கொல்லப்பட்ட நுண்ணுயிர்களின் நஞ்சைப் பயன்படுத்தினார். சிலர் நலமடைந்தனர், பலர் அடையவில்லை. எவர் நலமடைவார் என்று முன்கூட்டிச் சொல்ல அவராலும் இயலவில்லை. கதிர்வீச்சு மருத்துவம் வளரவே கோலியின் முறை ஒதுக்கப்பட்டது.

அந்நஞ்சினுள் வேலை செய்வது எது என்று தேடியவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மர்ரே ஷியர். 1943ஆம் ஆண்டில் அவர் நுண்ணுயிரிலிருந்து ஒரு மாப்பொருள் வகையைப் பிரித்தெடுத்துச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். சில மணிநேரத்திற்குள் கட்டிகளுக்குள் குருதி கசிந்து, அவை கருநிறமடைந்து அழிந்தன. 1975ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சுலோன் கெட்டரிங் நிலையத்தில் லாயிட் ஓல்டும் அவர்தம் துணைவரும், அந்தப் பொருள் நேராகக் கட்டியைத் தாக்கவில்லை என்று காட்டினர். அது உடலின் காவல் அணுக்களைத் தூண்டுகிறது. அவை ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அப்புரதமே கட்டியை அழிக்கிறது. அதற்குக் கட்டிச் சிதைவுக் காரணி என்று பெயரிட்டனர். பெயரைக் கேட்டதும் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1980களில் அப்புரதத்தை மனித உடலுக்குள் செலுத்தியபோது குருதியழுத்தம் படுவீழ்ச்சி அடைந்தது; கட்டியைக் கொல்லும் அளவு, நோயாளியைக் கொல்லும் அளவாகவே இருந்தது.

இந்நிலையில்தான் பிரான்சு நாட்டு லியோன் நகரத்திலிருந்து ஒரு வேதிப்பொருள் வந்தது. லிஃபா என்னும் நிறுவனத்தார் உருவாக்கிய ஃபிளேவோன் அசெட்டிக் அமிலம் அது. அக்காலத்து மருந்துகள் பெரும்பாலும் சுண்டெலிகளின் வெள்ளணுப் புற்றில் முதலில் சோதிக்கப்பட்டன. அத்தேர்வில் இப்பொருள் சிறக்கவில்லை. மெதுவாய் வளரும் திண்ணிய கட்டிகளில், குறிப்பாகச் சுண்டெலியின் பெருங்குடல் கட்டியில், பிற மருந்துகள் தோற்ற இடத்தில் அது வென்றது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தார் வியப்புற்றனர். 1980களின் பிற்பாதியில் அது மனிதர்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. ஒரு பயனும் விளையவில்லை. சுண்டெலிக்கு அமிழ்தமாயிருந்தது மனிதனுக்கு வெறும் தண்ணீராய்ப் போயிற்று. முதல் எச்சரிக்கை அது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு சிறிய புற்றுநோய் ஆய்வுக்கூடம் உண்டு. வெள்ளணுப் புற்றுக்குப் பயன்படும் அம்சாக்ரின் என்னும் மருந்தை 1970களில் உருவாக்கிப் பெயர்பெற்றது அது. ஆட்டு மந்தைகளுக்குப் பெயர்போன நாட்டிலிருந்து, பெருநிறுவனங்களின் பெரும்பணம் இல்லாமல் ஒரு புற்றுநோய் மருந்து பிறந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. அவ்வாய்வுக்கூடத்தை நடத்திய உயிர்வேதியியலார் புரூஸ் பேக்குலியும் வேதியியலார் வில்லியம் டென்னியும் பிரெஞ்சுப் பொருளை எடுத்து ஆராய்ந்தனர். 1987ஆம் ஆண்டில் பேக்குலி குழுவினர் வெளியிட்ட செய்தி இதுவே: அப்பொருளைச் செலுத்திய சில மணிநேரத்திற்குள் சுண்டெலியின் கட்டிக்குள் குருதி பெருகிச் சிதைவு உண்டாகிறது. ஷியர் 1943இல் கண்ட அதே காட்சி! நுண்ணுயிர் நஞ்சு செய்த வேலையை ஓர் எளிய செயற்கைப் பொருள் செய்கிறது என்றால், கோலியின் கனவை நச்சின்றி நனவாக்கலாம் அன்றோ?

வேதியியலார் தம் தொழிலைத் தொடங்கினர. ஃபிளேவோனில் தொங்கிக்கொண்டிருக்கும் வளையத்தை உள்ளிழுத்து, மூன்று வளையங்களும் ஒரே தட்டையாய் ஒட்டி நிற்கும் சாந்தேனோன் என்னும் அமைப்பாக மாற்றினர். (நம் பக்கத்து மங்குஸ்தீன் பழத்தோலிலுள்ள மஞ்சள் நிறப் பொருள்கள் இவ்வளைய அமைப்பைச் சேர்ந்தவையே. ஆயினும் பழத்தோலைக் காய்ச்சிக் குடித்தால் இக்கட்டுரையில் கூறப்படும் விளைவு உண்டாகும் என்று எவரும் கருதிவிட வேண்டா.) வளையங்களின் ஒவ்வொரு முனையிலும் ஒவ்வோர் அணுக்கூட்டத்தை வைத்தும் எடுத்தும் டென்னி, கார்டன் ரியூகாசில், கிரஹாம் அட்வெல் ஆகியோர் பல வடிவங்களைச் செய்து பார்த்தனர். ஐந்தாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் ஒவ்வொரு மெத்தில் கூட்டத்தை வைத்தபோது ஆற்றல் திடீரென உயர்ந்தது. பிரெஞ்சுப் பொருளில் தேவைப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே போதுமாயிற்று. 1991ஆம் ஆண்டில் அச்செய்தி வெளிவந்தது. அப்பொருளின் நீண்ட வேதிப்பெயரைச் சுருக்கி ஆய்வாளர் டி.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்றனர். ஐந்தெழுத்து என்றால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும்; ஆக்லாந்து ஆய்வாளர்க்கும் ஒரு காலத்தில் அது மந்திரம் போன்றே இருந்திருக்க வேண்டும்.

அதன் மூலக்கூற்று எடை 282. புரத மருந்துகள் பல்லாயிரக்கணக்கான எடை கொண்ட மாளிகைகள் என்றால், இது ஒரு செங்கல். எளிதாகச் செய்யலாம், தூய்மைப்படுத்தலாம், கரைத்து ஊசியில் ஏற்றலாம். சுண்டெலியின் உடலில் அது நிகழ்த்தியதோ பெரிது. ஒரே ஓர் ஊசி. அரைமணி நேரத்திற்குள் கட்டியின் குழாய்ச் சுவர் அணுக்கள் சில மடியத் தொடங்கின. சில மணிநேரத்தில் குருதியோட்டம் வற்றியது. மறுநாள் கட்டியின் நடுப்பகுதி முழுதும் செத்துக் கிடந்தது. பெருங்குடல் கட்டி கொண்ட சுண்டெலிகளுட் பல அந்த ஓர் ஊசியோடு முற்றிலும் நலம் பெற்றன. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பது உண்மையே. ஆயினும் இத்தகைய வெற்றியைக் கண்ட ஆய்வாளர் எவரும் கைவிட்டுப் போகார்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் ஆக்லாந்து ஆய்வாளர்க்கு நாம் அநீதி இழைத்தவராவோம். பிரெஞ்சுப் பொருள் மனிதரிடம் தோற்றதை அவர்கள் மறக்கவில்லை. 1994ஆம் ஆண்டில் லாய் மிங் சிங், பேக்குலி முதலியோர் இருபொருள்களையும் சுண்டெலி அணுக்களிலும் மனித அணுக்களிலும் ஒருங்கே சோதித்தனர். பிரெஞ்சுப் பொருள் சுண்டெலி அணுக்களில் மட்டும் கட்டிச் சிதைவுக் காரணிக்கான கட்டளையை எழுப்பியது. மனித அணுக்களில் எழுப்பவில்லை. தங்கள் பொருளோ இரண்டிலும் எழுப்பியது. ஆகவே பழைய தோல்விக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புதிய பொருள் அத்தடையைத் தாண்டிவிட்டது என்று அவர்கள் முடிவு செய்தனர். இதனைக் கண்மூடித்தனம் எனல் பொருந்தாது. கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் கேட்டனர். கேள்வி சரியானது, விடை தந்த குடுவைதான் சிறியது.

1990களின் நடுவில் மனித ஆய்வு தொடங்கியது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் வேறு மருந்துகள் பயனளிக்காத நோயாளிகள் முன்வந்தனர். நியூசிலாந்து ஆய்வில் 63 பேர். முதலில் மிகச் சிறிய அளவு. பின்னர் படிப்படியாக உயர்வு. உயரளவில் கைநடுக்கம், பேச்சுக் குழறல், பார்வை மாற்றம், மனக்குழப்பம் ஆகியன தோன்றின. நல்லவேளையாக இவை நீடிக்கவில்லை. காந்த அதிர்வுப் படங்களில் சிலருடைய கட்டிகளில் குருதியோட்டம் குறைந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. கட்டி சுருங்கியவரோ மிக அரியர். சுண்டெலியில் கண்ட கருநிறச் சிதைவு மனிதரிடம் காணப்படவில்லை.

இந்த இடத்தில் கதை நின்றிருக்கலாம். நிற்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. குழாயை அழிக்கும் மருந்துகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கட்டியின் நடுப்பகுதி தன் சொந்தக் குழாய்களை நம்பி வாழ்கிறது. விளிம்போ பக்கத்திலுள்ள நல்ல உறுப்பின் குழாய்களிலிருந்து குருதியைப் பெறுகிறது. எனவே நடுப்பகுதி மடிந்தாலும் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் உயிரோடு எஞ்சி நின்று மீண்டும் வளரும். விளிம்பு வழக்கமான புற்றுநோய் மருந்துகளுக்கு எளிதில் இரையாகும். நடுப்பகுதிக்குத்தான் அம்மருந்துகள் எட்டுவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும். சுண்டெலிகளில் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகையால் தனியாகக் கொடுத்தபோது பயன் தெரியாமற் போனது, கூட்டாகக் கொடுத்தால் தெரியலாம் என்று கருத இடமிருந்தது. நம்பிக்கைக்கு எப்போதும் இத்தகைய ஒரு பக்கவாசல் கிடைத்துவிடுகிறது.

2001ஆம் ஆண்டில் ஆண்டிசோமா என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் உரிமையைப் பெற்றது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமாகத் தரப்படும் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்னும் இரு மருந்துகளுடன் இதனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான மருந்து மட்டும் பெற்றோரில் பாதிப்பேர் 8.8 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். இதனையும் சேர்த்துப் பெற்றோரில் பாதிப்பேர் 14 மாதங்களைக் கடந்தனர். ஐந்து மாத வேறுபாடு! நுரையீரல் புற்றின் வரலாற்றில் அது சிறிதன்று. எழுபது பேர் அளவிலான ஆய்வில் ஐந்து மாதம் தற்செயலாகவும் வரலாம் என்பது கணக்கு அறிந்தவர்க்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணின் முன் கணக்கு தலைகுனிந்தது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் 2007ஆம் ஆண்டிலேயே உரிமையை வாங்கிவிட்டிருந்தது.

2008ஆம் ஆண்டில் பேராய்வு தொடங்கியது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 1,299 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். பாதிப்பேருக்கு வழக்கமான மருந்துடன் புதிய பொருள். மற்றப் பாதிக்கு வழக்கமான மருந்துடன் போலி மருந்து. 2010 மார்ச்சில் இடைக்காலக் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழுவினர், தொடர்வதில் பொருளில்லை என்று கூறி ஆய்வை நிறுத்தினர். புதிய பொருள் பெற்றோர் 13.4 மாதம், போலி மருந்து பெற்றோர் 12.7 மாதம். இந்தச் சிறு வேறுபாடு வேறுபாடே அன்று. இரண்டாம் பேராய்வும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது.

1,299 என்பதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வது எளிது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எஞ்சியிருந்த காலம் ஓராண்டு அளவே. அந்த ஓராண்டில் மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று, கையை நீட்டி, தமக்குக் கிட்டியது மருந்தா போலியா என்றும் அறியாமல் படுத்திருந்தனர். தமக்கு இல்லாவிடினும் பின்வருவோர்க்குப் பயன்படட்டும் என்று கருதியே பலர் இத்தகைய ஆய்வுகளில் சேர்வர். அவர்கள் கொடையை வீணென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் அவர்கள் உடலிடம் கேட்கப்பட்ட கேள்வியை, அதற்குமுன் ஒரு கண்ணாடிக் குழாயிடம் கேட்டிருக்கலாம் என்பதும் மறைக்க முடியாத உண்மை. கேட்பதற்கு வேண்டிய அறிவு மட்டும் அப்போது உலகில் இல்லை. ஆம், ஆய்வு தொடங்கிய அதே 2008ஆம் ஆண்டில்தான் அது பிறந்தது.

அவ்வாண்டில் அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோகி இஷிகாவாவும் கிளென் பார்பரும் ஸ்டிங் என்னும் புரதத்தை அறிவித்தனர். பெயரின் பொருள் கொட்டுதல் அல்லது கொடுக்கு. நம் உயிரணுவில் மரபுப் பொருள் உட்கருவுக்குள் அடங்கியிருக்க வேண்டும். அது வெளியே கிடந்தால் கள்ளன் நுழைந்தான் என்று பொருள்; நச்சுயிரோ நுண்ணுயிரோ உள்ளே வந்திருக்கிறது. அப்போது எச்சரிக்கை மணியை அடிப்பது இப்புரதம். மணி அடித்ததும் காவல் அணுக்கள் விழிக்கின்றன, இன்டர்ஃபெரான் சுரக்கிறது, கட்டிச் சிதைவுக் காரணியும் சுரக்கிறது. நுரையீரல் ஆய்வை நடத்தியவர்க்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் அன்று ஒரு தொடர்பும் தெரியவில்லை. இரு ஆறுகள் அருகருகே ஓடின, கலக்கவில்லை.

கலந்தது 2012, 2013ஆம் ஆண்டுகளில். ஆக்லாந்தின் பொருள் சுண்டெலியில் எதன்மீது அமர்ந்து வேலை செய்கிறது என்ற இருபதாண்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது. அது ஸ்டிங்கின் மீது அமர்கிறது. நுண்ணுயிர் அனுப்பும் அடையாளப் பொருள் அமரவேண்டிய குழியிலேயே அமர்ந்து, கள்ளன் வராதபோதே மணியை அடித்துவிடுகிறது. உடனே மனிதப் புரதத்தையும் சோதித்தனர். மனித ஸ்டிங் அப்பொருளைக் கண்டுகொள்ளவே இல்லை. சுண்டெலிப் புரதம் துள்ளி எழுந்த இடத்தில் மனிதப் புரதம் உறங்கிக் கிடந்தது.

வேறுபாடு எவ்வளவு என்று அறிந்தால் வியப்புத் தோன்றும். மனித ஸ்டிங் 379 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை; சுண்டெலியினது 378. நியூயார்க்கின் சுலோன் கெட்டரிங் நினைவு நிலையத்தில் டின்ஷா பட்டேல் குழுவினர் இப்புரதத்தின் வடிவத்தை அணு அணுவாக வரைந்தனர். 2013ஆம் ஆண்டில் அவர்கள் மனிதப் புரதத்தின் 162ஆம் இடத்தில் இருக்கும் செரினை எடுத்துவிட்டு அலனினை வைத்தனர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் உயிர்வளி அணு. அம்மாற்றத்தோடு மனிதப் புரதம் அப்பொருளுக்குச் செவிசாய்த்தது. அடுத்த ஆண்டில் வந்த செய்தி இன்னும் கூரியது. குழியை மூடும் மூடிபோன்ற பகுதியில், 230ஆம் இடத்தில், மனிதனுக்குக் கிளைசின் இருக்கிறது. சுண்டெலிக்கு அதே இடத்தில் ஐசோலியூசின். மனிதப் புரதத்தில் அந்த ஒரு மணியை மட்டும் சுண்டெலியின் மணியாக மாற்றியபோது, அது அப்பொருளுக்கு விழித்தெழுந்தது. மாலையில் ஒரு மணி! ஆக்லாந்தின் வேதியியலார் உழைப்பு, இரு நிறுவனங்களின் பெருஞ்செலவு, 1,299 பேரின் கடைசி ஆண்டு ஆகிய அனைத்தும் அந்த ஒரு மணியில் இடறி விழுந்தன.

இங்கு ஓர் இணைவை வரலாற்று மாணவர் கவனிக்கலாம். 1891இல் கோலி பணியாற்றிய மருத்துவமனையே பின்னர் நினைவு மருத்துவமனையாகி, இன்று சுலோன் கெட்டரிங் நிலையமாக விளங்குகிறது. 1975இல் ஓல்டு தம் காரணியைக் கண்டதும் அவ்வளாகத்தைச் சார்ந்தே. பட்டேல் விடை கண்டதும் அங்கேயே. புதிர் எழுந்த வீட்டிலேயே அதன் ஒரு பகுதி அவிழ 122 ஆண்டுகள் ஆயின.

சுண்டெலி பொய் சொல்லிற்றா? இல்லை என்பதே என் கருத்து. கேட்கப்பட்டதற்கு அது உண்மையாகவே விடை சொல்லியது. குழாய்கள் அழியுமா என்றால், தன் உடலில் அழியும் என்று காட்டியது. அதன் சாட்சியை மனிதன் வழக்கிற்குப் பொருத்தியவர் நாமே. எந்தச் சாட்சியிடமும் நீ கண்டது என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. எங்கிருந்து கண்டாய் என்றும் கேட்க வேண்டும். ஒரு பொருள் என்ன செய்கிறது என்று அறிந்த அளவில் மனிதனிடம் கொண்டுசெல்வதா, எதன் வழியாகச் செய்கிறது என்றும் அறிந்தபின் கொண்டுசெல்வதா என்ற வழக்கு மருத்துவ உலகில் இன்றும் தீர்ந்தபாடில்லை. எல்லாவற்றையும் அறிந்தபின்தான் என்று காத்திருந்தால் ஆஸ்பிரின்கூட நமக்குக் கிட்டியிராது. அது வேலை செய்யும் வழி தெரியவந்தது 1971ஆம் ஆண்டில், அது விற்பனைக்கு வந்து எழுபதாண்டு கழிந்தபின். ஆனால் ஒருமுறை மனிதரிடம் தோற்ற பொருளின் உடன்பிறப்பைக் கையிலெடுக்கும்போதாவது, முன்னது ஏன் தோற்றது என்பதை அடிவரை தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குடுவை மனித அணுக்கள் தந்த இசைவு, 1980களின் எச்சரிக்கையை மறக்கப் போதுமானதன்று.

குருதிக் குழாயைத் தாக்கும் எல்லாப் பொருள்களும் இவ்வாறு எலிக்கொரு முகம் மனிதனுக்கொரு முகம் காட்டுவன அல்ல. தென்னாப்பிரிக்கக் காட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து அமெரிக்காவின் அரிசோனாவில் ஜார்ஜ் பெட்டிட் பிரித்தெடுத்த காம்பிரெட்டாஸ்டாட்டின் மற்றொரு வழியில் செல்வது. உயிரணுவின் உள்ளே சட்டகம்போல் நிற்கும் நுண்குழல்களை அது குலைக்கிறது. குழாய்ச் சுவர் அணுக்கள் தட்டை வடிவிழந்து உருண்டு, வழியை அடைத்துவிடுகின்றன. நம் காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் என்னும் நஞ்சும் நுண்குழலின் அதே இடத்தில்தான் பற்றுகிறது. அந்நஞ்சு கட்டிகளுக்குள் குருதிக் கசிவை உண்டாக்குவதை 1930களிலேயே ஆய்வாளர் கண்டிருந்தனர். நுண்குழல் புரதம் எலிக்கும் மனிதனுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் காம்பிரெட்டாஸ்டாட்டின் மனிதக் கட்டியிலும் குருதியோட்டத்தை உண்மையாகவே குறைத்தது. அங்கே வேறு தடைகள் எதிர்நின்றன: குருதியழுத்த உயர்வு, இதயத்தின் களைப்பு, விளிம்பில் எஞ்சும் அந்தப் பழைய வளையம். சூற்பைப் புற்றில் நடந்த அதன் பெரிய ஆய்வும் 2017ஆம் ஆண்டில் பயனின்றி நிறுத்தப்பட்டது. மதகை அடைத்தாலும் கரையோரப் பயிர் காய்வதில்லை.

ஸ்டிங்கோ இன்று புற்றுநோய் ஆய்வின் பெரும்பெயர்களுள் ஒன்று. மனித ஸ்டிங்கையும் எழுப்பவல்ல பொருள்களை வேதியியலார் உருவாக்கியுள்ளனர். அவற்றுள் முதலாவது 2016ஆம் ஆண்டில் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. அதனை வளர்க்கப் பணம் ஈந்த நிறுவனங்களுள் நோவார்ட்டிஸும் ஒன்று என்பது விந்தை. அப்பொருள் எலியிடம் செய்த அற்புதத்தை மனிதரிடம் செய்யவில்லை. வேறு பல பொருள்கள் தொடர்ந்து சோதிக்கப்பட்டு வருகின்றன. இம்முறை ஆய்வாளர் சுண்டெலியை மட்டும் கேட்பதில்லை. மனித ஸ்டிங்கின் மரபணுவைப் பொருத்திய சுண்டெலிகளையும் வளர்க்கிறார்கள்.

ஆக்லாந்தின் ஐந்தெழுத்துப் பொருள் மருந்துக் கடைக்கு வராவிடினும் மறைந்துபோகவில்லை. ஆய்வுக்கூடங்களுக்கு வேதிப்பொருள் விற்கும் வணிகரின் பட்டியல்களில் இன்றும் அது இருக்கிறது. சில மில்லிகிராம் அளவில் சிறு குப்பிகளில் அடைத்து அனுப்புகிறார்கள். எலியின் எச்சரிக்கை மணியை வேண்டும்போது அடித்துப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் அதனை வாங்குகின்றனர். அதன் பெயருக்கு அருகில், சுண்டெலியின் ஸ்டிங் புரதத்தைத் தூண்டுவது என்ற விளக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது.